அப்பாவின் வலது காதும் ஒரு மூணு இஞ்ச் ஸ்பீக்கரும்

போன மே மாத லீவில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, எங்கள் வீட்டு மாருதி 800-க்கு ஸ்பீக்கர் மாட்டியதுதான். உருப்படியாக என்று சொல்வது நான். அம்மாவைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்வாள். ஒரு ஜோடி மிட்ரேஞ்ச் ஸ்பீக்கரை வாங்கி, இங்கே வைத்து, அங்கே வைத்து, கடைசியில் ஜோடியில் ஒன்றைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண் மேல் ஏற்றியாகிவிட்டது. அந்தக் கதைதான் இது. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

வண்டி 2005 மாடல். மாருதி 800 தயாரிப்பையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அப்பாவிடம் விற்கிற பேச்சை எடுத்தால் "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தினமும் காலையில் தாம்பரத்தில் கிளம்பி, அம்மாவைக் கூடுவாஞ்சேரியில் அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து செங்கல்பட்டு ஆபீஸுக்குப் போவார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அரை மணி, முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று இளையராஜா, இன்னொன்று பட்டிமன்றம். இரண்டும் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன.

வண்டியில் ஏற்கனவே இருந்தது, அந்தக் காலத்து வண்டிகளில் பாதிக்கு மேல் இருக்குமே, அந்தப் பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே பார்சல் ட்ரேயில் இரண்டு பெரிய ஓவல் ஸ்பீக்கர். வலது பக்க ஓவலின் கோன் கிழிந்து, சாலமன் பாப்பையா பேசினால் பின்னால் யாரோ மிக்ஸி போட்ட மாதிரி இருக்கும். முந்தைய ஓனர் முன் கதவு இரண்டிலும் ஆளுக்கொரு ஆறரை இஞ்ச் ஸ்பீக்கருக்கு ஓட்டை வெட்டி வைத்திருந்தார். அந்தப் புண்ணியவான் ஸ்பீக்கரை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் படிப்பது ஈ.சி.ஈ. மூன்றாம் வருடம் சிக்னல் ப்ராசஸிங் படித்த திமிர் வேறு. "அப்பா, நானே போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் மிட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலிருந்து மூவாயிரம், நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான சத்தத்தைப் பார்த்துக்கொள்வது மிட் ஸ்பீக்கர். பழைய லேண்ட்லைன் போனில் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பினார்கள். அதிலேயே ஊரிலிருந்து பாட்டி பேசினால் பாட்டிதான் என்று தெரிந்தது, என்ன திட்டுகிறாள் என்பதும் தெரிந்தது. அதாவது மனுஷக் குரலில் புரிகிற பகுதி எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. கார் பின்னால் திம் திம் என்று அதிர்கிற சப்-ஊஃபருக்குத்தான் எல்லாரும் காசு செலவழிக்கிறார்கள். அதை டிக்கியில் எந்த மூலையில் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மிட் அப்படி இல்லை. ஒரு ஜாண் தள்ளி வைத்தால் பாட்டே வேறு மாதிரி ஆகிவிடும்.

மவுண்ட் ரோடு பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரியும்தானே? சென்னையில் கார் சாமான் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது மிதித்திருப்பார்கள். அங்கே ஒரு கடையில் மூணு இஞ்ச் மிட் ஒரு ஜோடியும், கதவுக்கு ஆறரை இஞ்ச் ஒரு ஜோடியும் வாங்கினேன். கடைக்கார அண்ணன் நல்ல மாதிரி. "மிட்டையும் கதவுலயே போட்டுருவோம் தம்பி. எல்லாரும் அங்கதான் போடுறாங்க. டோர் பேட்ல ஒரு ஓட்டை, அரை மணி நேர வேலை" என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு ஸ்டேஜ் வேண்டும்!

ஸ்டேஜ் என்பது இந்தக் கிறுக்கு பிடித்தவர்களின் வார்த்தை. கண்ணை மூடிக் கேட்டால் பாடகர் நேர் எதிரே, டேஷ்போர்டுக்கு மேலே நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். வயலின் இடது பக்கம், தபேலா வலது பக்கம். ஆலன் ப்ளும்லைன் என்ற இங்கிலாந்துக்காரர் 1931-ல் ஸ்டீரியோவுக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தார். அன்றிலிருந்து இன்று வரை ஸ்டீரியோவின் அடிப்படை ஒன்றுதான். கேட்கிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில், நடுவில் உட்கார வேண்டும். காரில் நடுவில் இருப்பது கியர் லீவர். அதன் மேல் யாரும் உட்கார முடியாது.

நம் ஊரில் டிரைவர் வலது பக்கம். அப்பாவை சீட்டில் உட்கார வைத்து, அவர் தலையின் நடுவிலிருந்து கதவு ஓட்டைகளுக்கு டேப் பிடித்து அளந்தேன். வலது கதவு 84 சென்டிமீட்டர், இடது கதவு 139. வித்தியாசம் 55 சென்டிமீட்டர். 20 டிகிரி வெப்பத்தில் சத்தம் நொடிக்கு 343 மீட்டர் போகும் (மே மாதம் காருக்குள் 20 டிகிரி... நல்ல ஜோக். 40 டிகிரி என்று வைத்தால் 355 மீட்டர். கணக்கு பெரிதாக மாறாது). ஆக, இடது கதவுச் சத்தம் 1.6 மில்லி செகண்ட் லேட்டாக வருகிறது.

இது என்ன பெரிய லேட் என்று தோன்றும். ஆனால் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு சத்தம் போய்ச் சேர ஆகும் நேரமே அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி செகண்ட்தான். மூளை அந்தத் துளி நேரத்தை வைத்துத்தான் சத்தம் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுகிறது. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் லேட்டானால் மூளை குழம்பாமல் என்ன செய்யும்? முதலில் வந்த சத்தத்தின் பக்கமே ஒட்டிக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949-ல் ஜெர்மனியில் இதைப் பற்றித்தான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். அதனால் கதவில் மாட்டினால் மொத்தப் பாட்டும் டிரைவரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் சுருண்டுவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்போது, தூர வித்தியாசம் அரை அலை நீளமாக இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 55 சென்டிமீட்டர் அரை அலை என்றால் முழு அலை 110. அது சுமார் 312 ஹெர்ட்ஸ். ஆண் குரலுக்குக் கனம் கொடுக்கிற இடம். பிறகு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கில் எல்லாம் இதே கதை. சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் குரலில் ஓட்டை விழும்.

ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரையே மிட்டாகவும் பாட விடலாமே, எதற்குத் தனியாக மூணு இஞ்ச் என்று கேட்டால், அதற்கும் காரணம் உண்டு. சத்தத்தின் அலை நீளம் கோனின் அகலத்துக்குச் சமமாக வரும்போது ஸ்பீக்கர் டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் அடிக்க ஆரம்பிக்கும். ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரில் அசைகிற பகுதி ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் என்றால் அது 2600 ஹெர்ட்ஸ் பக்கம். கதவில் இருக்கிற ஸ்பீக்கர் நேராகப் பார்ப்பது காதை அல்ல, எதிர்க் கதவை. அப்போது ‘ச’, ‘த’, ‘ட’ எல்லாம் கால் சட்டைக்கு மட்டும் கேட்கும். மூணு இஞ்ச் என்றால் ஐயாயிரம் ஹெர்ட்ஸ் தாண்டும் வரை அந்தப் பிரச்சினை வராது.

அதனால் நான் தேர்ந்தெடுத்தது கிக் பேனல். காலை நீட்டினால் பாதத்துக்குப் பக்கவாட்டில், கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் மூலை இருக்குமே, அது. இடத்தைத் தள்ளி வைக்க வைக்க இரண்டு பக்கத் தூரமும் நெருங்கி வரும் என்பதுதான் அதன் ரகசியம். அளந்தேன். வலது 118, இடது 152. வித்தியாசம் 34 சென்டிமீட்டராகக் குறைந்துவிட்டது. பிளைவுட்டில் வளையம் அறுத்து, பழைய பனியன் துணியைப் போர்த்தி, அதன் மேல் ஃபைபர் ரெசின் தடவி, எம்-சீல் அடைத்து, நான்கு நாளில் இரண்டு கூடு செய்தேன். மாடி முழுக்க ரெசின் நாற்றம். காய வைத்த துணியெல்லாம் நாறுகிறது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

காலேஜ் சீனியர் ஒருவரிடமிருந்து டிஎஸ்பி உள்ள ஒரு ஆம்ப் பாதி விலைக்குக் கிடைத்தது. அதில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக டிலே கொடுக்கலாம். பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கரைக் கொஞ்சம் காக்க வைத்தால் இரண்டு சத்தமும் ஒன்றாக வந்து சேரும். வலது மிட்டுக்கு ஒரு மில்லி செகண்ட் டிலே. 350 ஹெர்ட்ஸுக்குக் கீழே கதவு ஸ்பீக்கர், மேலே மிட்.

ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ‘ப்ரியா’ பாட்டைப் போட்டேன். 1978 படம், பாட்டெல்லாம் ஸ்டீரியோவில் பதிவானது. கண்ணை மூடினேன்.

ஜேசுதாஸ் டேஷ்போர்டு மேல் நின்றார்!

பொய் சொல்லவில்லை. ஸ்பீக்கர் கால் பக்கம் இருக்கிறது, குரல் கண்ணாடிக்கு நேரே நிற்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது (ரெசின் புகையாகவும் இருக்கலாம்). தூங்கப் போன அப்பாவை எழுப்பிக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். பாட்டைப் போட்டேன். முழுசாகக் கேட்டார். தலையாட்டினார்.

"நல்லா இருக்குடா."

"பாட்டு எங்கேருந்து வருது சொல்லுங்க பார்ப்போம்."

"எங்கேருந்துன்னா?"

"எந்தப் பக்கம்? குரல் எங்க நிக்குது?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, மார்க் கம்மியாக வாங்கின பையன் மாதிரி சொன்னார்: "அதெல்லாம் எனக்கு எப்பவுமே தெரியாதுடா. ரோட்ல ஹாரன் அடிச்சாலே எந்தப் பக்கம்னு தெரியாது. மூணு கண்ணாடியும் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

அப்பாவின் இடது காது சின்ன வயதில் சீழ் வடிந்து கெட்டுப்போனது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போனை வலது காதில்தான் வைப்பார். கல்யாணப் பந்தியில் ஓடிப்போய் இடது கோடி நாற்காலியைப் பிடிப்பார், மற்ற எல்லாரும் அவருக்கு வலது பக்கம் வருகிற மாதிரி. நான் பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிறேன். ஆனால் ஒரு காது இல்லை என்றால் பக்கம் என்பதே இல்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இத்தனைக்கும் இரண்டு காதை வைத்து மனுஷன் எப்படித் திசை கண்டுபிடிக்கிறான், தாழ்ந்த சத்தத்துக்கு நேர வித்தியாசம், உயர்ந்த சத்தத்துக்கு அளவு வித்தியாசம் என்று லார்ட் ராலே 1907-ல் எழுதினதை எல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்து வைத்திருந்தேன். டேப்பின் நுனியை அப்பாவின் தலையில் வைத்து அளந்தவன் நான். அந்தத் தலையில் எத்தனை காது வேலை செய்கிறது என்று கேட்கவில்லை.

நான்கு நாள், எட்டு விரலில் ரெசின், ஒரு ஆம்ப். எல்லாம் அவருக்குக் கேட்கவே முடியாத ஒன்றுக்காக.

அதைவிட இன்னொன்று. டிரைவர் சீட் வலது பக்கம். அம்மா உட்காருவது அவருக்கு இடது பக்கம். அதாவது பத்து வருஷமாக அம்மா தினமும் காலையில் அப்பாவின் கேட்காத காதில் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். "கார்ல ஏறினாப் போதும், இந்த மனுஷன் நான் ஒருத்தி இருக்கறதையே மறந்துடுவார்" என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் வலது பக்கம்தான் உட்காருவாள், அங்கே எல்லாம் கேட்கும். அதனால் காரில் கேட்காததை வேண்டுமென்றே செய்வது என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கேட்டால், "டெய்லி சொல்லிக்கிட்டே இருக்க முடியுமா? பாட்டு சத்தத்துல கேக்கலைன்னு விட்டுருவேன்" என்றார்.

அன்று இரவு கிக் பேனல் கூட்டைக் கழற்றவில்லை. மறுநாள் காலையில் கழற்ற வேண்டி வந்தது. அதற்குக் காரணம் காது அல்ல, செருப்பு. நம் வண்டியில் வலது கிக் பேனல் ஆக்சிலரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவின் செருப்பு விளிம்பு கூட்டின் ஓரத்தில் இரண்டு தடவை மாட்டியது. நல்ல வேளை, தெருவுக்குள்ளேயே. யாராவது கிக் பேனலில் போடப் போகிறீர்கள் என்றால் முதலில் ஷூ போட்டுக்கொண்டு பெடலை மிதித்துப் பாருங்கள். நான் வெறுங்காலில் பார்த்தேன்.

சரி, ஸ்டேஜ் வேண்டாம். அப்படியானால் மிட்டை எங்கே வைப்பது? இப்போது கேள்வியே வேறு. ஒரு காதுக்காரருக்குப் பாட்டின் வார்த்தை புரிய வேண்டும். அதே சமயம் பக்கத்தில் பேசுகிற ஆளின் வார்த்தையும் கேட்க வேண்டும். அம்மாவின் குரல் இடது பக்கமிருந்து கிளம்பி, அப்பாவின் தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போக வேண்டும். தாழ்ந்த சத்தம் தலையைச் சுற்றி வளைந்து போய்விடும். உயர்ந்த சத்தத்தைத் தலை மறைத்துவிடும். ஏற்கனவே மெலிந்து வந்து சேரும் அந்தக் குரலின் மேல் பாட்டைக் கொட்டினால் என்ன மிஞ்சும்? அப்படியானால் பாட்டு எவ்வளவு குறைந்த சத்தத்தில் புரிகிறதோ அவ்வளவு நல்லது. அதற்கு மிட்டுக்கும் காதுக்கும் நடுவில் முழங்கால், ஸ்டீயரிங், சீட் எதுவும் இருக்கக்கூடாது.

மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு ஒரு தடவை அசிங்கப்பட்டாயிற்று. இந்தத் தடவை பரீட்சை வைத்தேன்.

இருபது இருபது வார்த்தையாக நான்கு பட்டியல். எல்லாம் ஒன்றுக்கொன்று குழம்புகிற வார்த்தைகள்: படம், பதம், பலம், பழம், கடல், கதவு, தடம், தரம் என்கிற மாதிரி. ("பலம், பழம் ரெண்டையும் வேற வேறயா சொல்றவங்க நம்ம தெருவுல யாருடா?" என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி.) வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினும் ஏசியும் ஓட விட்டு, முதலில் பட்டிமன்றத்தைப் போட்டு அப்பாவுக்கு வசதியாகப் புரிகிற அளவுக்கு வால்யூமை அவரையே வைக்கச் சொன்னேன். பிறகு அம்மா இடது சீட்டிலிருந்து பட்டியலை வாசிக்க வேண்டும், அப்பா கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் ரவுண்டில் அப்பா இருபதுக்கு இருபது. எப்படி என்று பார்த்தால், டீச்சரம்மா ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கத்துகிற மாதிரி கத்துகிறாள்! ரத்து. அம்மாவைச் சாதாரணமாகப் பேசச் சொல்லி போனில் பதிவு செய்து, அந்த போனை அவள் வாய் இருக்கும் உயரத்தில் பிடித்து, ஒவ்வொரு தடவையும் ஒரே வால்யூமில் ஓட்டினேன். மிட்டை இரட்டைப் பக்க டேப்பில் ஒவ்வொரு இடமாக ஒட்டி ஒட்டிப் பார்த்தோம்.

கதவில் வைத்தபோது அப்பா வைத்த வால்யூம் 22, அம்மாவின் வார்த்தையில் கேட்டது 8. கிக் பேனலில் வால்யூம் 19, வார்த்தை 10. டேஷ்போர்டின் வலது மூலையில் ஒற்றை மிட், அதாவது அவர் நல்ல காதுக்கு நேர் எதிரே: வால்யூம் 13, வார்த்தை 15. டேஷ்போர்டின் நட்ட நடுவில் ஒற்றை மிட்: வால்யூம் 14, வார்த்தை 15.

இதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் எழுத முடியாது, ஒரே ஒரு அப்பா, ஒரே ஒரு கார். ஆனால் எட்டுக்கும் பதினைந்துக்கும் உள்ள வித்தியாசம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வலது மூலையில் வைத்தபோது அம்மாவுக்குப் பாட்டு வார்த்தை ஏசி சத்தத்தில் கரைந்துபோனது. நடுவில் வைத்தால் இரண்டு பேருக்கும் தூரம் ஒன்றே, 92 சென்டிமீட்டர். டிலே வேண்டாம். இரண்டு ஸ்பீக்கர் ஒன்றை ஒன்று தின்கிற சீப்புப் பல் தொல்லையும் இல்லை, இருப்பதே ஒன்றுதான் என்பதால். நடு என்று முடிவு செய்தோம்.

ஆக ஒற்றை ஸ்பீக்கர். மோனோ. 1931-க்கு முன்னால் போய்விட்டேன் :-)

ஒற்றை ஸ்பீக்கருக்கு இடது, வலது இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆம்பிலிருந்து வரும் இரண்டு ஸ்பீக்கர் வயரையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்தால் ஆம்ப் புகைந்துவிடும், அதைச் செய்யாதீர்கள். டிஎஸ்பி-க்கு உள்ளேயே இரண்டையும் கூட்டலாம். கூட்டும்போது இரண்டு பக்கமும் சமமாக இருக்கிற குரல் இரட்டிப்பாகும், அதனால் ஒவ்வொன்றையும் 6 டெசிபல் குறைத்துக் கூட்டினேன். சில பாட்டில் பக்கவாட்டு எதிரொலி கொஞ்சம் வற்றிப்போகிறது. எனக்குத் தெரிகிறது. அப்பாவுக்கு இதற்கு முன்னால் இயர்போனில் பாதி வாத்தியம் காணாமல் போயிருந்தது, இப்போது முதல் தடவையாக எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. "இந்தப் பாட்டுல இங்க ஒரு கிட்டார் இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டார். நாற்பது வருஷமாகக் கேட்கிற பாட்டு.

டேஷ்போர்டு மேல் மிட் வைப்பதை ஸ்டேஜ் பைத்தியங்கள் திட்டுவார்கள். முன் கண்ணாடியில் பட்டு வருகிற சத்தமும் நேராக வருகிற சத்தமும் மோதும். நேர்ச் சத்தத்தைவிட கண்ணாடிச் சத்தம் பத்து சென்டிமீட்டர் சுற்றி வந்தால் 1700 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். திட்டுவதில் நியாயம் இருக்கிறது. பெட்டியைக் கண்ணாடி அடிவாரத்துக்கு இன்னும் நெருக்கித் தள்ளினால் அந்தப் பள்ளம் மேலே நகர்ந்துவிடும். தள்ளினேன். பெட்டியைச் சுற்றிப் பழைய கம்பளித் துணியை விரித்தேன். பாதி சரியானது. உயரம் ரோட்டை மறைக்காத அளவுக்கு மட்டும். மதியம் நிறுத்தும்போது வெயில் அடிக்காமல் ஒரு வெள்ளைத் துணி, இல்லையென்றால் சென்னை வெயிலில் கோனை ஒட்டியிருக்கிற பசை எத்தனை நாள் தாங்குமோ.

ஒன்று மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் 800-ல் ஏர்பேக் கிடையாது, அதனால் டேஷ்போர்டு மேல் இந்தக் கூத்து நடந்தது. நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து டிரைவருக்கும், 2021-லிருந்து முன் சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் ஏர்பேக் கட்டாயம் ஆகிவிட்டது. பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் டேஷ்போர்டைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அதன் பாதையில் ஒரு மரப்பெட்டியை ஒட்டி வைத்தால் அது நேராக முகத்துக்கு வரும். சில வண்டிகளில் முன் கண்ணாடியை ஒட்டிய தூணுக்குள்ளும் ஏர்பேக் இருக்கிறது, அங்கே ட்வீட்டர், மிட் என்று எதற்காகவும் ஓட்டை போடாதீர்கள். புது வண்டிக்காரர்கள் கம்பெனி ஸ்பீக்கருக்கு என்று விட்டிருக்கிற இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்வது உத்தமம்.

ஆக இப்போது கதவு இரண்டிலும் ஆறரை இஞ்ச், டேஷ்போர்டு நடுவில் ஒற்றை மூணு இஞ்ச், பரண் மேல் இன்னொரு மூணு இஞ்ச். ராத்திரி யாரும் இல்லாத நேரத்தில் எப்போதாவது வண்டியில் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பேன். குரல் நடுவில்தான் இருக்கிறது. ஸ்பீக்கரே நடுவில்தானே இருக்கிறது. அகலம் இல்லை, வயலின் இடது பக்கம் போகவில்லை. ஜேசுதாஸ் அந்த ஒரு ராத்திரி நின்றதை நினைத்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போவதற்கு முந்தின நாள், அம்மாவிடம் போனில் இல்லாமல் நேரிலேயே கேட்டேன், காரில் அப்பாவுக்கு இப்போது கேட்கிறதா என்று.

"எங்க கேக்குது? நாலு சொன்னா மூணு கேக்குது. அந்த நாலாவது எதுன்னு பார்த்தா, நான் காசு கேக்கறதா இருக்கும்" என்றாள். "பாட்டு மேல பழி போட முடியாம இப்ப முழிக்கிறார்."